யுத்த காலத்துப் பொதுச் சமையற் கூடங்கள்

யுத்தம் மூண்டால் அதன் வெப்பம் வெகுவிரைவில் வீட்டு அடுப்பை எட்டிவிடுகிறது. கப்பல்கள் படைகளைச் சுமக்கப் போய்விடுகின்றன, ரயில் வண்டிகளில் வெடிமருந்து ஏறுகிறது, உழுதவன் சிப்பாயாகிறான், தானியம் வரும் வழிகள் அடைபடுகின்றன. விலைவாசி ஏற ஏற, விறகும் கரியும் கிடைப்பது அருமையாகிறது. இத்தகைய நெருக்கடிகளில், பலருக்கும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூடத்தில் பரிமாறும் ஏற்பாட்டைப் பல தேசத்தினர் கைக்கொண்டிருக்கின்றனர்.

இவ்வேற்பாடு எல்லா இடங்களிலும் ஒரே பலனைத் தரவில்லை. சில இடங்களில் மக்கள் மகிழ்ச்சியுடன் வந்து உண்டனர். சில இடங்களில் பசியைப் பொறுத்துக்கொண்டாலும் அந்த வாசலை மிதிக்க மறுத்தனர். வேறு சில இடங்களில் உணவு வந்து சேருமுன் மக்கள் மாண்டனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன என்பதை ஆராய்ந்தால், கூட்டுறவாளராகிய நமக்கு மிகவும் வேண்டிய ஓர் உண்மை விளங்கும்.

தானமா, விலையா?

1866-ஆம் ஆண்டில் பிரஷியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் யுத்தம் நிகழ்ந்தது. பெர்லின் நகரத்தில் உணவுப் பொருள்களின் விலை உயர்ந்தது. உழைக்கும் குடும்பங்களின் வருவாயோ குறைந்தது. அப்பொழுது லினா மார்கன்ஸ்டெர்ன் என்ற மாது சில நண்பர்களைக் கூட்டி, 'மக்கள் சமையற் கூடம்' என்னும் அமைப்பை நிறுவினார்.

அம்மையார் உணவை இலவசமாக வழங்கவில்லை. பொருள்களை மொத்தமாக வாங்கிப் பெரிய பாத்திரங்களில் சமைத்து, அடக்க விலைக்கே விற்றார். லாபமும் இல்லை, தானமும் இல்லை. பொறுப்புள்ள பெண்மணிகள் சம்பளமின்றி மேற்பார்வை செய்தனர். 'பிச்சை வாங்கினோம்' என்ற எண்ணம் உண்பவர் மனத்தில் எழுவதற்கு இடமில்லாதபடி இம்முறை அமைந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் கூடங்கள் நீடித்துப் பெருகின. 'சூப் லினா' என்று பெர்லின் மக்கள் அம்மையாரை அன்புடன் அழைத்தனர்.

ஆயினும் பிற்காலத்தில் அதே நகரத்தில் இதற்கு மாறான அனுபவமும் ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தின்போது, 1916-இல், பெர்லின் நகர நிர்வாகம் பெரிய அளவில் பொதுச் சமையலைத் தொடங்கியது. அங்கே உண்ண விரும்புவோர் தம்முடைய உணவுக் கூப்பன்களில் ஒரு பகுதியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதனுடன், 'இது ஏழைகளுக்கு இடும் கஞ்சி' என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. எனவே, நிர்வாகிகள் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. உருளைக்கிழங்கு விளைச்சல் கெட்டு, மக்கள் டர்னிப் கிழங்கையே நம்பி வாழ்ந்த 1916-17 குளிர்காலத்தின் கொடுமைதான் பலரை வேறு வழியின்றி இக்கூடங்களுக்கு அனுப்பியது.

முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்து

இங்கிலாந்தில் யுத்தம் தொடங்கிய 1914 ஆகஸ்டு மாதத்திலேயே கிழக்கு லண்டனில் வேலையின்மையும் விலையேற்றமும் தலைகாட்டின. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் அம்மாதத்தின் இறுதியிலேயே பாப்லர் பகுதியில் ஓர் உணவுச் சாலையைத் திறந்தார். அதற்கு 'அடக்க விலை உணவுச் சாலை' என்று பெயரிட்டார். பெரியவர்களுக்கு இரண்டு பென்னி, குழந்தைகளுக்கு ஒரு பென்னி என்பது கட்டணம். கையில் காசே இல்லாதவர்களுக்கு இலவசச் சீட்டும் அளிக்கப்பட்டது. தர்ம ஸ்தாபனம் என்ற சொல்லே தம் சாலையின்மீது படக்கூடாது என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார்.

1917 பிப்ரவரி முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் எவ்விதக் கட்டுப்பாடுமின்றி வாணிபக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. வெளிநாட்டுத் தானியத்தைப் பெரிதும் நம்பியிருந்த பிரிட்டன் திகைத்தது. சர்க்காரே முன்வந்து 'தேசீயச் சமையற் கூடங்கள்' என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. முதற் கூடத்தை 1917 மே 21-ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலச் சாலையில் மேரி ராணியார் திறந்துவைத்தார். ஜனங்கள் தத்தம் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவந்து, சமைத்த உணவை விலைகொடுத்து வாங்கிச் சென்றனர். பின்னர் அமர்ந்து உண்ணும் கூடங்களும் தோன்றின. 1918-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இத்தகைய கூடங்கள் 363 ஆயின.

இவற்றை நடத்தியவர்கள் கவனமாகக் கையாண்ட விதி ஒன்று உண்டு. கூடம் தூய்மையாகவும் பார்வைக்கு இனியதாகவும் இருக்கவேண்டும். கஞ்சி வார்க்கும் கொட்டகை போலத் தோன்றவே கூடாது. தொழிலாளியும் குமாஸ்தாவும் கூச்சமின்றி நுழையக்கூடிய இடமாக அது விளங்கவேண்டும். யுத்தம் முடிந்தவுடன் சர்க்காரின் ஆர்வம் தணிந்தது. உணவு விடுதிக்காரர்களின் எதிர்ப்பும் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் தேசீயச் சமையற் கூடங்கள் மறைந்தன.

குண்டு விழுந்த நகரத்தில்

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் 1940 ஜனவரி 8-ஆம் தேதி பங்கீட்டு முறையை அமுல் செய்தது. வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியவை முதலில் பங்கீட்டுக்கு வந்தன. செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன்மீது தொடர்ச்சியான விமானத் தாக்குதல் ஆரம்பமாயிற்று. ஓர் இரவுக்குள் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வீடு தப்பியவர்களுக்கும் எரிவாயுக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் உடைந்துபோனமையால் சமைக்க வழியில்லை.

வீடிழந்தோர் தங்குவதற்கென ஏற்படுத்தப்பட்ட நிலையங்கள் முதல் சில வாரங்களில் பழைய ஏழைச் சட்டத்தின் மனப்பான்மையில் நடந்தன. அச்சட்டத்தின்படி, உதவி நாடுவோரை ஏழை விடுதியில் அடைத்து, உதவி கேட்பதே அவமானம் என்று உணரச் செய்வது வழக்கமாயிருந்தது. நிலையங்களிலும் ரொட்டி, செயற்கை வெண்ணெய், டப்பா இறைச்சி, தேநீர் என்பதற்கு மேல் அதிகம் கிடைக்கவில்லை. வசதி கூடினால் ஜனங்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினர். ஆனால் குண்டு, ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்த்து விழவில்லை. நேற்றுவரை உழைத்து உண்டவன் இன்று வீதியில் நிற்கிறான். அவனை இரவலன்போல் நடத்துவது பொருந்தாது என்பதை நாடு விரைவில் உணர்ந்தது. சுடச்சுட உணவு தரும் கூடங்களை லண்டன் கவுன்டி கவுன்சில் திறந்தது. பிற ஊர்களும் அதனைப் பின்பற்றின.

இக்கூடங்களுக்கு அதிகாரிகள் முதலில் வைத்த பெயர் 'சமூக உணவு நிலையங்கள்' என்பதாகும். 1941 மார்ச்சில் பிரதம மந்திரி சர்ச்சில் உணவு மந்திரி உல்டன் பிரபுவுக்கு எழுதி, அப்பெயரை மாற்றச் சொன்னார். அது பொதுவுடைமையையும் ஏழை விடுதியையும் நினைவூட்டுவதாக அவருக்குப் பட்டது. 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லைக் கேட்டால் நல்ல சாப்பாடு நினைவுக்கு வரும் என்று கருதி, 'பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்' என்ற பெயரை அவர் யோசனையாகக் கூறினார். அப்பெயரே நிலைத்தது. உண்பவனின் மானத்தைக் காப்பதில் வாசலில் தொங்கும் பலகைக்கும் பங்குண்டு என்பதற்கு இது சான்று.

நடைமுறையும் சிக்கனமும்

இக்கூடங்கள் நடந்த விதத்தை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஆரம்ப மூலதனச் செலவை உணவு இலாகா ஏற்றது. நடத்தும் பொறுப்பு உள்ளூர் ஸ்தாபனத்தைச் சார்ந்தது. அன்றாடச் செலவை உணவு விற்ற பணத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும் என்பது பொது விதி. கோயில் மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், சங்கக் கட்டடங்கள் என ஏற்கெனவே இருந்த இடங்களே உணவுக் கூடங்களாக மாறின. பெண்கள் தொண்டர் படையினர் பல ஊர்களில் கைகொடுத்தனர்.

வருபவர் முதலில் காசு கொடுத்து வெவ்வேறு நிறமுள்ள வில்லைகளை வாங்குவார். சூப்புக்கு ஒரு நிறம், இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த உணவுக்கு ஒரு நிறம், இனிப்புக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று. தட்டை ஏந்தி வரிசையில் சென்று, வில்லையைக் கொடுத்து உணவைப் பெறுவார். முழுச் சாப்பாட்டின் விலை ஏறத்தாழ 9 பென்னி முதல் 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங், வரை ஆகும். பங்கீட்டுக் கூப்பன் எதையும் இழக்க வேண்டியதில்லை. பெர்லினில் தடையாக நின்ற ஒன்று இங்கே இவ்வாறு நீக்கப்பட்டது.

பங்கீட்டில் இருந்த ஒரு குறையும் இதனால் ஓரளவு தீர்ந்தது. பெரிய ஹோட்டல்களில் பணக்காரர் கூப்பனின்றி விருந்துண்ண முடிந்தது. தொழிலாளிக்கு அவ்வழி இல்லை. கூப்பனற்ற வேளைச் சாப்பாட்டைக் குறைந்த விலையில் யாவருக்கும் கிடைக்கச் செய்ததன் மூலம் பிரிட்டிஷ் ரெஸ்டாரண்டுகள் இந்த மேடு பள்ளத்தைக் குறைத்தன. மறுபுறம், ஹோட்டல் சாப்பாட்டின் விலை ஐந்து ஷில்லிங்கை மீறக்கூடாது என்று 1942-இல் சட்டம் செய்யப்பட்டது.

1943 செப்டம்பரில் இத்தகைய கூடங்கள் 2,160 இருந்தன. அவற்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,30,000 சாப்பாடுகள் வழங்கப்பட்டன. சராசரி பார்த்தால் ஒரு கூடத்தில் சுமார் 290 சாப்பாடு. நாட்டு ஜனத்தொகையில் இது நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான். பெரும்பாலோர் வீட்டிலேயே உண்டனர். தொழிற்சாலை உணவுச் சாலைகளிலும் பலர் உண்டனர். ஆகவே இதன் அளவை மிகைப்படுத்திக் கூறுவது சரியன்று. ஆயினும், வீடிழந்தவர்க்கும், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும், தொழிற்சாலைச் சாப்பாடு எட்டாத சிறு தொழிலாளருக்கும் இக்கூடங்கள் அரிய துணையாயின.

பொது அடுப்பில் சிக்கனம் எவ்வாறு பிறக்கிறது? நூறு வீட்டில் நூறு அடுப்பை மூட்டினால் ஒவ்வொன்றிலும் சூட்டின் பெரும்பகுதி காற்றில் போகிறது; ஒரே பெரிய அடுப்பில் அந்நஷ்டம் குறைகிறது. பொருள்களை மொத்தமாக வாங்குவதால் இடைத்தரகு மிஞ்சுகிறது. வில்லை விற்பனையைக் கொண்டு அன்றாடம் எத்தனை பேர் வருவர் என்று கணித்துச் சமைப்பதால் வீணாவது சுருங்குகிறது. நூறு பெண்கள் அடுப்படியில் செலவிடும் நேரம் பிற வேலைக்குக் கிடைக்கிறது. நூலை மொத்தமாக வாங்கும் நெசவாளர் சங்கத்திற்கும், உரத்தை மொத்தமாக வாங்கும் விவசாயிகள் சங்கத்திற்கும் அடிப்படையான கணக்கும் ஏறக்குறைய இதுவேயாகும்.

வங்காளத்தின் துயரம்

அதே 1943-ஆம் ஆண்டில் நம் தேசத்தின் வங்காள மாகாணத்தில் நடந்ததையும் சொல்லாமல் விடலாகாது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக்கூடாதென்று கடலோர மாவட்டங்களில் படகுகள் அப்புறப்படுத்தப்பட்டன. மீனவர் பிழைப்பும், ஆற்று வழிப் போக்குவரத்தும் கெட்டன. அக்டோபரில் மேதினிபூர்ப் பகுதியைப் புயல் தாக்கியது. யுத்தச் செலவினால் பணம் பெருகி அரிசி விலை விஷம்போல் ஏறியது. கல்கத்தாவில் பெரிய தொழில் நிறுவனங்களைச் சேர்ந்த தொழிலாளருக்கு முதலாளிகளின் அமைப்புகள் மூலமாகக் கட்டுப்படுத்திய விலையில் அரிசி கிடைத்தது. கிராமங்களிலிருந்த நிலமற்ற கூலியாட்கள், மீனவர், கைவினைஞர், முடிதிருத்துவோர் ஆகியோருக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. அவர்களுடைய உழைப்புக்கும் சரக்குக்கும் ஈடாகக் கிடைக்கும் அரிசி நாளுக்கு நாள் சுருங்கியது. பஞ்ச காலத்தில் யாருக்குத் துணியும் மீனும் வாங்கத் தோன்றும்? உண்ண வழியற்றுப் போனவர்களில் பலர் அன்னியருக்கு உணவும் பண்டமும் தந்தவர்களே.

கஞ்சி வார்க்கும் நிலையங்களைச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் அவ்வாண்டின் பிற்பகுதியில் பெருவாரியாகத் திறந்தன. அவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. உழைத்த தொண்டர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. வீடு வாசலை விற்றுத் தெருவில் அலைந்து உடல் நலிந்தவர்களைத் தண்ணீர் போன்ற கஞ்சியால் மீட்க முடியவில்லை. நோய்களும் பரவின. மாண்டவர் தொகை சுமார் 15 இலட்சம் என்று 1945-இல் பஞ்ச விசாரணைக் குழு கணக்கிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 இலட்சம் வரை கூறுகின்றனர்.

லண்டனையும் வங்காளத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒன்று சுயாட்சியுள்ள செல்வ நாட்டின் தலைநகரம். மற்றொன்று அன்னியர் ஆட்சிக்குட்பட்ட மாகாணம். ஆயினும் ஒன்று தெளிவு. லண்டனில் சாப்பாட்டுக் கூடத்திற்குப் பின்னால் பங்கீடு, விலைக் கட்டுப்பாடு, வேலை ஆகிய மூன்றும் நின்றன. ஆகவே, உண்பவன் கையில் ஒன்பது பென்னி இருந்தது. வங்காளத்துக் கிராமத்தானிடம் அரிசி வாங்கக் காசுமில்லை, அவனுக்காகப் பேச ஓர் அமைப்புமில்லை. அமைப்பில் சேர்ந்திருந்தவன் பசியைத் தாங்கினான். தனித்திருந்தவன் அதற்கு இரையானான். 'கஞ்சித் தொட்டி' என்ற சொல்லைத் தறி ஓடாத காலங்களில் கேட்டுப் பழகிய நெசவாளர் குடும்பங்களுக்கு இவ்வுண்மையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் ஓய்ந்த பின்

பிரிட்டிஷ் ரெஸ்டாரண்டுகளுக்கு உணவு இலாகா அளித்த ஆதரவு 1947-இல் முடிவடைந்தது. விரும்பிய நகர சபைகள் அவற்றைப் பொது உணவுச் சாலைகளாகத் தொடர்ந்து நடத்த அவ்வாண்டின் சட்டம் ஒன்று இடமளித்தது. வரவும் செலவும் சரிக்கட்ட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. சில ஊர்களில் அவை பல்லாண்டுகள் நடந்தன. பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பண்டங்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஜனங்கள் வீட்டுச் சமையலையும் தம் விருப்பப்படியான உணவையும் நாடினர். அது இயற்கையே. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிக்கூடங்களில் உணவளிப்பதை உள்ளூர் கல்வி ஸ்தாபனங்களின் கடமையாக்கியது. பொதுச் சமையலில் பெற்ற அனுபவம் இவ்வாறு வேறு வழியில் பயன்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. யுத்தகாலத் தட்டுப்பாட்டின்போது கூட்டுறவுப் பண்டகசாலைகள் சென்னை ராஜதானியிலும் பிற இடங்களிலும் ஏராளமாகத் தோன்றின. கட்டுப்பாடுகள் நீங்கியதும் அவற்றுள் பல வாடிப்போயின. பங்கீட்டு அரிசிக்காக மட்டும் சேர்ந்தவர்கள் அரிசி கடையில் கிடைத்தவுடன் சங்கத்தை மறந்தனர். நெருக்கடி கூட்டிய கூட்டம் நெருக்கடியுடன் கலைந்தது. அதற்கு மாறாக, 1904-இலேயே தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் போன்றவை யுத்தத்துக்கு முன்னும் பின்னும் நிலைத்து நின்றன. அவை அங்கத்தினரின் அன்றாடத் தேவையில் வேரூன்றியவை.

கொள்ளத்தக்க பாடங்கள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நான்கு செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, உண்பவன் தன்னால் இயன்ற விலையைக் கொடுத்து உண்ணும்போது தலைநிமிர்ந்து வருகிறான். பெர்லினில் லினா அம்மையாரும், பாப்லரில் சில்வியா அம்மையாரும் கண்ட உண்மை இது. இயலாதவனுக்கு உதவுவது அவசியம். அவ்வுதவி அவனைப் பிரித்துக் காட்டாத முறையில் அமையவேண்டும்.

இரண்டாவது, ஏற்பாடு ஆபத்து வருமுன் இருக்க வேண்டும். பசி வந்தபின் கட்டும் அடுப்பு வங்காளத்தில் பலருக்குப் பயன்படவில்லை.

மூன்றாவது, கணக்கு நேராக இருக்கவேண்டும். நல்ல எண்ணம் மட்டும் ஓர் அடுப்பை நெடுநாள் எரியச் செய்யாது.

நான்காவது, பொதுக் காரியத்தை நெருக்கடியின் பிள்ளையாக விட்டுவிடக்கூடாது. நல்ல காலத்திலும் அதனால் அங்கத்தினருக்கு ஒரு நன்மை உண்டு என்பதை நிர்வாகிகள் இடையறாது மெய்ப்பிக்க வேண்டும்.

இந்நான்கையும் கூர்ந்து நோக்கினால், சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டுமன்றி நூல் கிடங்குக்கும், விதைப் பண்டகசாலைக்கும், நாணயச் சங்கத்துக்கும் அவை பொருந்தும் என்பது தெரியவரும். விலைவாசி ஏறும் நாளிலும், மழை பொய்க்கும் ஆண்டிலும், துணி தேங்கும் பருவத்திலும் நம்மைக் கஞ்சி வரிசையில் நிற்கவிடாமல் காப்பது, நல்ல நாளில் நாம் கட்டிய பங்குத் தொகையும் சேமிப்பும் ஒழுங்காகக் கூடிய பொதுக்குழுக் கூட்டங்களுமே ஆகும்.

சங்கக் கூட்டங்களில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. பெர்லின் நகரில் 1866-இல் வெற்றி பெற்ற முறை, 1916-இல் ஏன் அதே அளவுக்கு மக்களைக் கவரவில்லை?

2. உணவை இலவசமாகக் கொடுப்பதற்கும் அடக்க விலைக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? நம் சங்கத்தில் இயலாத அங்கத்தினருக்கு உதவும்போது அவர் மானத்தைக் காக்க என்ன ஏற்பாடு உண்டு?

3. கட்டுப்பாடு நீங்கியதும் பண்டகசாலைகள் பல நலிவுற்றதன் காரணங்கள் யாவை? நம் சங்கத்தில் அத்தகைய அறிகுறிகள் உளவா?

4. இரண்டு மாதம் தறி நின்றாலும், ஒரு போகம் தவறினாலும், அங்கத்தினர் குடும்பங்கள் தாங்குவதற்கு நம் சங்கத்தில் இன்று இருக்கும் சேமிப்பு எவ்வளவு? அதனைப் பெருக்கும் வழி என்ன?